பாலமா, ஒரு பெரிய படகா, இரண்டு சின்னப் படகா? யாழ்ப்பாணத் தீவுகளுக்கு எது சரி

தீவகத்துப் போக்குவரத்து என்று பேச்செடுத்தால் முதலில் வருவது பாலம்தான். மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு மூன்றும் ஏற்கெனவே தெருவால் யாழ்ப்பாணத்தோடு இணைந்தவை. காரைநகருக்குப் பொன்னாலைத் தாம்போதி, அதாவது கடலை ஊடறுத்து அணைபோல் போட்ட தெரு, இருக்கிறது. மிஞ்சுவது நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு என்ற நான்கும், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த கடலும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே விடை தேடுவதில்தான் திட்டங்கள் வழி தவறுகின்றன.

ஊர்காவற்றுறை–காரைநகர் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. அங்கே வேண்டியது பாலம். கிண்ணியாவில் 2009இல் 396 மீற்றர், சங்குப்பிட்டியில் 2011இல் 288 மீற்றர், மண்முனையில் 2014இல் இன்னொன்று என்று, பாதை (வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவை) ஓடிய இடங்களிலேயே பாலங்கள் வந்திருக்கின்றன. இங்கே பாதை நின்றுவிட்டால் வாகனம் பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணம் போய்ப் பொன்னாலையால் திரும்ப வேண்டும். ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சுற்று. இரண்டு கவனம் மட்டும். செலவு குறையும் என்று கல்லும் மண்ணும் கொட்டித் தாம்போதியாக்கக் கூடாது. நீரோட்டம் அடைபட்டால் மணல் ஒதுங்கும், இறால் உள்ளே வரும் வழியும் கெடும். கடற்கோட்டைப் பக்கம் படகுகள் போய்வரும் ஆழமான வாய்க்காலுக்கு மேலே போதிய உயரமும் விட வேண்டும். மற்றது, பாலம் முடிகிறவரை பாதையைக் கைவிடக் கூடாது. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்த காலத்தில் ஓடிய தற்காலிகப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் இறந்தார்கள்.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பாலம் என்பது வேறு கதை. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவு மூன்று நான்கு கிலோமீற்றர், நெடுந்தீவு பத்துக்கு மேல். நெடுந்தீவில் இருப்பது சில ஆயிரம் பேர். உப்புக் காற்றில் கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் பார்க்கிற செலவை மட்டும் எண்ணினாலே அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். ஆகவே படகு. கேள்வி, எப்படிப்பட்ட படகு என்பது.

வழக்கமாகக் கிடைப்பது ஒரு பெரிய இரும்புப் படகு. நிதி ஒரே தடவையில் வரும், திறப்புவிழாவும் ஒன்றாக முடியும். அதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நெடுந்தீவுக் கடலில் நீளமான, பாரமான படகு குறைவாகத்தான் ஆடும். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது பெரிய விஷயம். ஆனாலும் நான் சாய்வது ஒரே அச்சில் வார்த்த இரண்டு கண்ணாடியிழைப் படகுகள் பக்கம். ஒவ்வொன்றும் 18 மீற்றர், 50 பேர், இரண்டு டீசல் எஞ்சின். காரணம் ஒன்றே ஒன்று: பராமரிப்பு.

எந்தப் படகும் வருடத்துக்கு ஒருமுறை கரையேற வேண்டும். பாசியும் கொட்டலசும் சுரண்டி அடிப்பூச்சு அடிக்க வேண்டும், தேய்ந்த துத்தநாகக் கட்டிகளை மாற்ற வேண்டும், மணல் அரித்த தண்டுத் தாங்கியைப் பார்க்க வேண்டும். இரும்பென்றால் தகட்டின் தடிப்பையும் அளந்து, மெலிந்த இடத்தை வெட்டி ஒட்ட வேண்டும். அந்தப் பருமனுள்ள படகை ஏற்றக்கூடிய தளம் பக்கத்தில் இல்லாவிட்டால் நீண்ட கடல்வழி இழுத்துப் போக வேண்டும். போன இடத்தில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு உதிரிப்பாகத்துக்குக் கேள்விப்பத்திரம் கோர வேண்டும். இரண்டு வார வேலை இரண்டு மாதமாவது இப்படித்தான். அந்த நாட்களில் தீவுக்கு ஓடுவது, கிடைத்த லோஞ்சு.

கண்ணாடியிழையில் ஒரு கீறல் விழுந்தால் காயவைத்து, உரசி, இழைப்பாயும் பிசினும் வைத்து ஊரிலேயே அடைக்கலாம். இங்கே மீன்பிடி வள்ளம் திருத்துகிற கைகளுக்குத் தெரிந்த வேலை அது. காரைநகர் சீநோர் படகுகட்டும் தளத்தில் ஒருகாலம் இப்படிப்பட்ட படகுகள் கட்டியே இருக்கிறார்கள். கரையேற்றும் காலமும் இயற்கையாகவே அமைகிறது. வாடை ஓய்ந்து சோளகம் தொடங்குமுன், பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை. கச்சதீவுத் திருவிழாவும் அந்த இடைவெளிக்குள்தான் வரும். அது முடிந்தபின் ஒரு படகு, அது இறங்கியபின் மற்றது என்று வைத்தால், நயினை நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவுக்கு இரண்டும் தண்ணீரில் நிற்கும். அந்தத் திருவிழாக் கூட்டத்தைக் கணக்கிட்டுப் பெரிய படகு வாங்குவது வீண். அந்த நாட்களுக்குத் தனியார் படகை வாடகைக்கு எடுக்கலாம்.

இரண்டும் ஒரே மாதிரி என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நான்கு எஞ்சினும் ஒரே மொடல் என்றால் ஒரு அலுமாரி உதிரிப்பாகம் போதும்: கடல்நீர்ப் பம்பின் றப்பர் இம்பெல்லர் (நீரைத் தள்ளும் இதழ்ச்சக்கரம்), எரிபொருள் வடிகட்டி, பெல்ட், தண்டுச் சீல், ஒரு ஸ்டார்ட்டர், இடமும் வலமுமாக ஒவ்வொரு புரொப்பெல்லர். இந்தப் பக்கத்தில் எஞ்சின் சூடேறி நிற்பதற்கு வழக்கமான காரணம் அறுந்து மிதக்கும் சாதாளை என்ற கடற்பூண்டு. அது உறிஞ்சுவாய் வலையை அடைக்க, நீரில்லாமல் ஓடிய இம்பெல்லர் கிழிந்து, துண்டுகள் வெப்பமாற்றியின் குழாய்க்குள் போய்ச் சிக்கும். இம்பெல்லரை மாற்றிவிட்டுத் துண்டுகளை எண்ணி எடுக்காவிட்டால் அடுத்த கிழமை திரும்பவும் சூடேறும்.

வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். இப்படிப்பட்ட படகில் வேண்டிய சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறும். ஆறு கடல்மைல் ஓட்டத்தை 8 நொட்டில் (மணிக்கு 8 கடல்மைல்) 45 நிமிடத்தில் முடிக்கலாம், 10 நொட்டில் 36 நிமிடத்தில். ஓடும் நேரம் குறைந்தாலும், அந்த ஒன்பது நிமிடத்துக்கு ஒரு பயணத்தின் டீசல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். பயணக் கட்டணத்தால் அதை ஈடுகட்ட முடியாது.

இறங்குதுறைக்கும் காசு ஒதுக்க வேண்டும். பாக்கு நீரிணையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் மிதக்கும் மேடையும் சிறு சாய்வுப் பலகையும் போதும். நோயாளியைத் தூக்குகட்டிலோடு தூக்கிக் கொடுக்கும் நிலை மாறும். ஆனால் நெடுந்தீவின் மாவிலித்துறையில் அலை நேரே வந்து அடிக்கும் நாட்களில் மிதவை தாங்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. முதலில் குறிகட்டுவானில் வைத்துப் பார்ப்பது நல்லது.

மின்கலப் படகைப் பற்றியும் கேட்பார்கள். கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே 75 பேர் ஏறும் சூரிய மின்படகு 2017 முதல் ஓடுகிறது. ஆனால் அது வேம்பநாட்டுக் காயல், அலையில்லாத நீர். நயினாதீவுக் குறுந்தூரத்துக்கு அதைப் பரிசோதிக்கலாம், டீசல் படகு பக்கத்தில் நிற்கும்போது. நெடுந்தீவுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து ஒரே படகு இரண்டு துறையையும் தொட்டு வரலாம். அந்த மூன்றாவது படகையும் அதே அச்சில் கட்டுவித்தால், குறிகட்டுவானில் ஒன்று கரையேறியிருக்கும்போது இன்னொன்று பழுதானாலும் ஊர்காவற்றுறையிலிருந்து ஒன்றை வரவழைக்கலாம். அதற்கு மூன்று படகும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்க வேண்டும். பிரதேச சபைக்கு ஒன்று, திணைக்களத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் கடிதம் போய் அனுமதி வருமுன் படகே திருத்தி முடிந்துவிடும்.