ஆறு வருட பொம்மை ஷோகேஸ்: கூடு தங்கம், கதவு தலைவலி

எங்கள் பொம்மை ஷோகேஸின் கண்ணாடிக் கதவு ஓடும் டிராக்கை மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு நண்பர், "கொலு பொம்மைக்கு நாங்களும் இதே மாதிரி ஷோகேஸ் அடிக்கலாமா?" என்கிறார். கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

உயரம் 6 அடி, அகலம் 4 அடி, ஆழம் 14 அங்குலம். தேக்குச் சட்டம், 18 மிமீ பிளைவுட், முன்னால் 5 மிமீ கண்ணாடியில் இரண்டு தள்ளுகதவு. கூட்டைக் குறை சொன்னால் பாவம். கரையான் இல்லை, மூலை விடவில்லை.

தட்டுதான் பெரிய ஆச்சரியம். மண் பொம்மையின் கனம் காகிதக்கூழ் பொம்மைக்கு வராது. 4 அடிக்கு ஒரே பலகை போட்டால் 18 மிமீயும் தொய்யும். அதே எடைக்கு நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்கு. அதனால் நடுவில் ஒரு நிற்கும் பலகை, ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் ஒன்றரை அங்குலத் தேக்கு ரீப்பர், அதாவது மெல்லிய கட்டை, செங்குத்தாக. இன்றைக்கும் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கிறது. இரண்டு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் அந்த நடுப்பலகைக்கு நேராக வருவதால் எந்த பொம்மையும் மறைவதில்லை.

இனி கதவு. கீழ்ச்சட்டத்திலும் மேல்சட்டத்திலும் மரத்திலேயே நேரடியாகக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து அதில் கண்ணாடியை ஓடவிட்டது முதல் தப்பு. சட்டத்துக்கு வெளியே பாலிஷ் உண்டு, காடிக்குள் கிடையாது. ஈரத்தை ஒரு பக்கம் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது, சட்டம் முறுக்கிக்கொள்ளும். 6 மிமீ காடியில் 5 மிமீ கண்ணாடிக்கு இருக்கும் இடைவெளி 1 மிமீதான். மரம் வளையும், கண்ணாடி வளையுமா? கண்ணாடியின் அடிவிளிம்பை பாலிஷ் செய்யாமல் வாங்கியது இரண்டாவது தப்பு. அது அரம் மாதிரி மரத்தைச் சுரண்டும். அந்தத் தூளும் தூசியும் ஈரத்தில் சேர்ந்தால் மாவுதான். எண்ணெய் விட்டால் இன்னும் மோசம், மெழுகுவத்தி தேய்த்தால் சில நாள் ஓடும்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், நவராத்திரிக்கு பொம்மையை இறக்கும்போது கதவு சமர்த்தாகத் திறக்கும். விஜயதசமி முடிந்து திரும்ப அடுக்கும்போது மழை ஈரம் ஏறியிருக்கும். கையில் தசாவதாரம், கதவு பாதியில்!

இப்போது காடியை அகலப்படுத்தி அலுமினிய இ-சேனல் (E வடிவில் இரண்டு பள்ளம் உள்ள பட்டை) பதித்தாயிற்று. மேல் சேனல் ஆழம் 15 மிமீ, கீழே 6 மிமீ. கண்ணாடி உயரம் இரண்டு சேனலுக்கும் இடையே உள்ள திறப்பைவிட 12 மிமீ கூடுதல். அப்போதுதான் மேலே தூக்கி, கீழே இறக்கி மாட்ட முடியும். இரண்டுக்கும் ஒரே சேனலை வாங்கினால் கண்ணாடி உள்ளேயே போகாது, போனாலும் நிற்காது. ஸ்க்ரூ தலை சேனலுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். கீழ்ச் சேனலை இரண்டு முனையிலும் அரை அங்குலம் குறைத்து வெட்டினால் தூசியை பிரஷ்ஷால் தள்ளி எடுத்துவிடலாம். இப்போது ஒற்றை விரலுக்கு ஓடுகிறது.

இருந்தும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அடித்தே தீருவேன் என்றால் கீல் வைத்த கதவாக அடிக்கட்டும், முன்னால் இரண்டடி இடம் விட்டு. ஹாலில் அந்த இரண்டடி இல்லாமல்தானே தள்ளுகதவு என்றோம் என்று அவர் வீட்டில் கேட்பார்கள். அது அவர் பாடு.