லேயரோடு ஏற்றித் தருகிறோம் என்று சொல்லி 38,500 ரூபாய் வாங்கினார்கள்: ஆல்பம் டிசைன் செய்கிறவர்கள் படித்துவிடுங்கள்

நெல்லை, பாளை பக்கம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற யாராவது கணினியை விட்டு டேப்லெட்டுக்கு மாறும் எண்ணத்தில் இருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள். எனக்கு 38,500 ரூபாய் போச்சு. பணமாவது அடுத்த முகூர்த்த மாதத்தில் எப்படியோ வந்துவிடும், ஃபைல்கள் வராது. நடந்ததைச் சொல்லிவிட்டு, மாறும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

கடையின் பேர் வேண்டாம். பழைய லேப்டாப், டேப்லெட் வாங்கி விற்று, சர்வீஸும் பார்க்கிற கடை. வண்ணார்பேட்டை சுற்றுவட்டாரத்தில் இந்த மாதிரி நிறைய உண்டு.

டேப்லெட் எதற்கு என்றால், கரெக்‌ஷனுக்குத்தான். ஆல்பத்தின் ஒரு பக்கத்தை, அதாவது ஷீட்டை, கல்யாண வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் "நல்லாருக்கு" என்பார்கள், பிரிண்ட் ஆகி வந்த பிறகு "அத்தை முகம் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு" என்பார்கள். வீட்டுக்கே போய் உட்கார்ந்து, பெண்ணும் அத்தையும் சித்தியும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேனாவால் மாற்றிக் காட்டினால் அங்கேயே ஓகே வாங்கிவிடலாம். அதற்கு ஃபைல் லேயர் லேயராக, அதாவது படம், திருத்தம், எழுத்து எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகத் தனித்தனி அடுக்காக, இருக்க வேண்டும். அசல் படத்தைத் தொடுவதே கிடையாது, அதன் மேல் ஒரு கர்வ்ஸ் லேயர் (ஒரு கோட்டை வளைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது), அதற்கொரு மாஸ்க் என்கிற மறைப்பு, மாஸ்க்கில் வெள்ளை அடித்த இடத்தில் மாற்றம் தெரியும், கறுப்பு அடித்த இடத்தில் தெரியாது. பிடிக்கவில்லையா, லேயர் பக்கத்தில் இருக்கிற கண் குறியை ஒரு தட்டு, பழைய படம் அப்படியே வந்து நிற்கும். ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-ல். கடைக்காரருக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை போல.

இதையெல்லாம் விளக்கிச் சொல்லித்தான் கேட்டேன். கடை முதலாளி தன் டேப்லெட்டில் ஏதோ ஒரு ஃபைலைத் திறந்து, லேயரை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினார். "பாத்தியளா அண்ணாச்சி, உங்க ஃபைல் எப்படி இருக்கோ அப்படியே, லேயர் ஒண்ணு குறையாம ஏத்தித் தாரோம். குறைஞ்சா பில்ல என் மூஞ்சில எறிங்க. நம்ம ஊர்க்காரவுகள ஏமாத்திட்டு நாங்க எங்க போவப் போறோம்?" என்றார். பக்கத்துக் கடையிலிருந்து சுக்குக் காபி வந்தது. என் பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, அதிலிருக்கும் பி.எஸ்.டி. ஃபைல்கள் (லேயரோடு சேவ் ஆகிற ஃபோட்டோஷாப் ஃபைல்கள்) மொத்தத்தையும் ஒரு வெளி டிஸ்க்கில் ஒரு காப்பி, டேப்லெட்டில் ஒரு காப்பி போட்டுத் தருவதாகப் பேச்சு. டேப்லெட், பேனா, ஏற்றுகிற கூலி எல்லாம் சேர்த்து, எக்ஸ்சேஞ்ச் கழித்தது போக 38,500. அங்கேயே ஜிபே பண்ணினேன்.

வீட்டுக்கு வந்து சேரன்மகாதேவி கல்யாண ஆல்பத்தைத் திறக்கிறேன். முகூர்த்த ஷீட், அரக்குப் பட்டு, அதன் சரிகை ஓரத்தை மட்டும் தனியாகத் தூக்கிக் காட்ட ஜூம் பண்ணி ஜூம் பண்ணி மாஸ்க் வரைந்திருந்தேன். லேயர் பட்டியலைப் பார்த்தால் 'பேக்ரவுண்ட்' என்று ஒரே ஒரு வரி, பக்கத்தில் பூட்டுக் குறி. அடுத்த ஷீட்டும் அப்படி. எல்லா ஷீட்டும் அப்படி. வெளி டிஸ்க்கைச் செருகிப் பார்த்தேன், ஃபைல் பேர் அதேதான், ஒரு ஜி.பி.யைத் தொட்டுக்கொண்டிருந்த ஃபைல் 100 எம்.பி.க்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கிறது. மொத்தத்தையும் ஃப்ளாட்டன் அடித்து, அதாவது எல்லா லேயரையும் ஒரே படமாக ஒட்டி, அதே பேரில் சேவ் பண்ணி, அதையே இரண்டு இடத்திலும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்!

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கணக்குப் போட்டால் புரிகிறது. 12 அங்குலத்துக்கு 36 அங்குல ஷீட், அங்குலத்துக்கு 300 புள்ளி (டி.பி.ஐ.) என்றால் 10,800-க்கு 3,600 பிக்ஸல். ஷீட் முழுக்க நிறைகிற பட லேயர் ஒன்றே மெமரியில் சுமார் 117 எம்.பி. கேட்கும். அப்படி இருபது இருந்தால் 2 ஜி.பி.யைத் தாண்டிவிடும். அவர் விற்ற டேப்லெட் அதைத் திறக்க முடியாமல் திணறியிருக்கும், கடையில் வேலை பார்த்த பையன் சுலபமான வழியைப் பிடித்துவிட்டான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கணினியையே கொடுத்திருக்க மாட்டேனே!

போன் போட்டால் "ஆப் அப்டேட் பண்ணுங்க, சரியாயிரும்". பண்ணியாச்சு என்றால் "ஃபைல் திறக்குதுல்லா, அப்புறம் என்ன?". அதற்கப்புறம் "வேலை பாத்த பையன் தென்காசிக்குப் போயிருக்கான், வந்ததும் சொல்லுதேன்". அப்புறம் எடுப்பதே இல்லை. நேரில் போய் என் பழைய கணினியின் டிஸ்க்கையாவது கொடுங்கள் என்று கேட்டேன். ஃபார்மட் அடித்து விற்றாயிற்றாம். பில்லை நீட்டினால், அதிலே 'டேட்டா டிரான்ஸ்ஃபர்' என்றுதான் இருக்கிறதாம், டேட்டா வந்துவிட்டதாம். "லேயருன்னு எங்க சார் எழுதியிருக்கு? யாவார நேரத்துல வந்து சத்தம் போடாதிய." சுக்குக் காபி வாங்கிக் கொடுத்த அதே ஆள்தான். 38,500 ரூபாய் வாங்கின கை, பில்லை மடித்து என் சட்டைப் பைக்குள் செருகிவிட்டது.

இப்போது சேரன்மகாதேவிக்காரர்கள் மாப்பிள்ளை பேரில் இனிஷியலை மாற்றச் சொல்கிறார்கள். எழுத்து படத்தோடு ஒட்டிப் போயிருக்கிறது. அந்த ஷீட்டை முதலிலிருந்து செய்ய வேண்டும், கூலி யார் தருவார்?

சரி, சொன்னபடி எச்சரிக்கை. விவரமாக எழுதப் பொறுமை இல்லை. உங்கள் ஃபைல்களிலேயே பெரியதைக் கொடுத்து, கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். அவர்கள் காட்டுகிற மாதிரி ஃபைலை நம்பாதீர்கள். கர்வ்ஸ் லேயரைத் தட்டினால் கோடு வளைகிறதா, எழுத்தைத் தட்டினால் திருத்த முடிகிறதா என்று பாருங்கள், லேயர் பேர் தெரிந்தால் மட்டும் போதாது. எல்லா ஆப்பும் எல்லா வகை லேயரையும் தாங்காது, ஃபோட்டோஷாப்பே ஐபேடுக்கு வந்தது 2019-ல்தான், கணினியில் இருப்பதெல்லாம் அதில் கிடையாது. பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கேட்டால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள், நான் புகார் பதிந்துவிட்டேன். அதிலும் முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில்லில் 'லேயரோடு' என்று எழுதித் தரத் தயங்கினால் மறுபேச்சு பேசாமல் படியிறங்கிவிடுங்கள்.