வால்வை மாற்றியதாகச் சொல்லி, வால்வின் மேல் ‘எல்’ அடாப்டரைத் திருகி அனுப்பினார்கள்

டியூப்லெஸ் டயர் பொருத்திய பைக் வைத்திருப்பவர்கள், குறிப்பாக அண்மையில் ஏதேனும் ஒரு கடையில் ‘எல் வால்வு’ (காற்றடிக்கும் வாய் ‘L’ வடிவில் பக்கவாட்டில் வளைந்த வால்வு) மாட்டிக்கொண்டவர்கள், அடுத்த முறை வண்டியை எடுப்பதற்கு முன் சக்கரத்தின் அருகே குனிந்து அந்த வால்வைப் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்னால் என் தங்கையை உட்கார வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது எனக்கு நேர்ந்தது வேறு யாருக்கும் நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னுடையது 160 சிசி பைக். பின்சக்கரத்தின் ஒரு பக்கம் டிஸ்க் பிரேக்கின் தட்டு, மறுபக்கம் செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட். இவற்றுக்கு நடுவே, ரிம்மிலிருந்து அச்சை நோக்கி நிற்கிறது ரப்பர் வால்வு. பெட்ரோல் பங்கில் காற்றுக்குழாயின் முனை அந்த இடுக்கில் எளிதில் நுழைவதில்லை; நுழைந்தாலும் நேராக உட்காருவதில்லை. ஒவ்வொரு முறையும் வால்வை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தே காற்றடிப்பார்கள், பாதி காற்று வெளியே சீறும். இதற்கு முறையான தீர்வு உண்டு: பழைய ரப்பர் வால்வை எடுத்துவிட்டு, அதே துளையில், பக்கவாட்டில் திரும்பிய வாயுள்ள உலோக வால்வைப் பொருத்துவது. அதைத்தான் நான் எங்கள் பகுதியில் உள்ள ஓர் உதிரிபாகக் கடையில் கேட்டேன்.

“மேல மாட்டுற அடாப்டர் வேணாம்ணே, வால்வையே மாத்திக் குடுங்க” என்று தெளிவாகவே சொன்னேன். “வால்வேதான் சார் மாத்துறோம். பத்து நிமிஷம், டீ குடிச்சிட்டு வாங்க” என்றார் கடைக்காரர். திரும்பி வந்தபோது இரண்டு சக்கரங்களிலும் பளபளவென்று வளைந்த வாய் தெரிந்தது. கூலியோடு சேர்த்து 450 ரூபாயை யுபிஐ மூலம் செலுத்தினேன். பில் கேட்டதற்கு, “சின்ன வேலைக்கெல்லாம் பில் போடுறதில்ல சார்” என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

அந்தப் பத்து நிமிடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வால்வின் அடிப்பாகம் ரிம்முக்கு உள்ளே, டயர் மூடியிருக்கும் பக்கத்தில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் காற்றை முழுவதும் இறக்கி, டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து விடுவித்தாக வேண்டும். அதற்குப் பெரும்பாலும் சக்கரத்தையே கழற்ற வேண்டியிருக்கும். இரண்டு சக்கரங்களுக்கும் இதைப் பத்து நிமிடத்தில் யாராலும் செய்து முடிக்க முடியாது. அவர்கள் செய்தது, பழைய ரப்பர் வால்வின் மூடியைக் கழற்றிவிட்டு அதே மரையில் ஒரு பித்தளை அடாப்டரைத் திருகியது மட்டுமே.

அதன் பிறகு பின்சக்கரத்தில் காற்று நிற்கவில்லை. 32 பிஎஸ்ஐ நிரப்பினால் மூன்றாம் நாள் 24 காட்டியது. கடைக்குப் போய்ச் சொன்னேன். “புது வால்வு, செட் ஆகட்டும் சார்” என்று அனுப்பிவிட்டார். காரணம் பின்னால்தான் புரிந்தது. இந்த அடாப்டரைத் திருகியதும் அதனுள்ளே இருக்கும் முள், வால்வின் நடுவே காற்றை அடைத்து நிற்கும் ஊசியை அழுத்தித் திறந்தே வைத்துவிடுகிறது. அதுவரை காற்றைக் காத்த அடைப்பு இனி வேலை செய்யாது. அடாப்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் வாஷரும் அதற்கென்று உள்ள சின்ன ஊசியும்தான் டயர் முழுவதன் காற்றையும் தாங்க வேண்டும். அடாப்டர் சாலை அதிர்வில் கால் சுற்று தளர்ந்தாலே போதும், காற்று கசியத் தொடங்கிவிடும்.

கசிவையாவது கவனித்துச் சமாளிக்கலாம். பெரிய ஆபத்து எடையில் இருக்கிறது. என் அடாப்டரை நகை நிறுக்கும் சிறு தராசில் வைத்துப் பார்த்தேன்: 16 கிராம். கையில் வைத்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் 17 அங்குலச் சக்கரம் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினோரு முறைக்கும் மேல் சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் 16 கிராம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கனத்தோடு வெளிப்புறமாகத் தள்ளும். கனம் வால்வின் நேர்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால், அது ரப்பர் தண்டை அடியோடு ஒரு பக்கமாக மடக்குகிறது. வேகம் கூடும்போது மடங்கி, குறையும்போது நிமிர்ந்து, நாள்தோறும் இதே இடத்தில் இப்படி அசைந்தால் ரப்பர் எத்தனை காலம் தாங்கும்? என் வண்டியில் ஏழு வாரம் தாங்கியது.

செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். வேகம் அறுபதைத் தொட்டிருக்கும். பின்பக்கம் சேற்றில் இறங்கியதுபோல் அலைந்தது. நல்லவேளையாகப் பின் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டு, முன் பிரேக்கை மெதுவாகப் பிடித்துக்கொண்டே ஓரம் கட்டினேன். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தபடி எங்களைக் கடந்து போனது. தங்கை இறங்கி நின்று, கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

பஞ்சர் கடைக்காரர் ஒருவர் வந்து டயரைச் சுற்றிப் பார்த்தார். ஆணி எதுவும் இல்லை. வால்வை விரலால் சாய்த்ததும், ரிம்மை ஒட்டிய இடத்தில் ரப்பர் வாய் பிளந்தது. அடித்தண்டின் பாதிச் சுற்றுக்கு, நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. “இத மாட்டிக்கிட்டு ரோட்ல ஓட்டலாமா தம்பி? காத்தடிச்சதும் கழட்டிரணும்” என்றார். அவர் சொன்னதே இந்தப் பொருளின் சரியான பயன்பாடு. காற்றடிக்கும்போது திருகி, அடித்து முடித்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும் கருவியாக அது நன்றாகவே உதவும்.

அடையாளம் காண்பது எளிது. முறையான கோண வால்வில், ரிம்மின் துளையை ஒட்டியே உலோக நட்டு இறுகியிருக்கும். கருப்பு ரப்பர் எங்கும் தண்டாகத் தெரியாது. ரிம்மிலிருந்து ரப்பர் தண்டு எழுந்து அதன் தலையில் உலோகம் வளைந்திருந்தால், அது அடாப்டர். விரலால் தொட்டால் ஆடும். உடனே கழற்றிவிடுங்கள், வெடிப்பு விழுந்திருந்தால் வால்வையும் மாற்றுங்கள். உலோக வால்வு வாங்கும்போது ரிம் துளையின் அளவைக் கேட்டு வாங்க வேண்டும், 11.3 மில்லிமீட்டரும் 8.3 மில்லிமீட்டரும் பரவலாக உள்ளவை, ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் சேராது. பொருத்திய பின் சக்கரத்தைக் கையால் முழுச் சுற்று சுற்றி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரில் எங்கும் இடிக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது அருகிலேயே நில்லுங்கள்.

வெடித்த வால்வையும் அடாப்டரையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். முதலில் என்னைத் தெரியவில்லை என்றார், யுபிஐ பதிவைக் காட்டியதும், “நீங்க ஸ்பீடா ஓட்டுனதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?” என்றார். செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லிப் பணம் வாங்கியதற்கு அவரிடம் பதில் இல்லை. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். பணம் செலுத்திய பதிவும், வால்வின் படங்களும், அடாப்டரைத் தராசில் வைத்து எடுத்த படமும் என்னிடம் உள்ளன. முன்சக்கரத்தில் இருந்ததையும் அன்றே கழற்றிவிட்டேன். அந்த வால்வின் அடியிலும் மெல்லிய கீறல் விழத் தொடங்கியிருந்தது.