மாண்ட்கோமரி கவுண்டியின் அறிவிப்புகள்: நெடுநாள் பின்தொடர்ந்து பார்த்ததில்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதியான மாண்ட்கோமரி கவுண்டிக்குக் குடிவருகிற நம்மவர்கள் பள்ளிக்கூடம் எப்படி, வாடகை எவ்வளவு, மெட்ரோ நிலையம் எவ்வளவு தூரம் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். கவுண்டி அரசு அனுப்புகிற அறிவிப்புகளைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக அவற்றைப் படித்தும் பயன்படுத்தியும் வருகிறவன் என்ற முறையில், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று சொல்வேன். பஸ், குப்பை, நூலகம், பனி அகற்றுதல் போன்ற அன்றாடச் சேவைகளில் இந்த அறிவிப்புகளை நம்பி நடக்கலாம். பட்ஜெட், வீட்டுமனை விதி போன்ற பெரிய முடிவுகளில் அப்படி இல்லை. அங்கே அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். நாம்தான் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தேடிப் போக வேண்டும்.

இங்கே கவுண்டி என்பது பெயரளவுக்கான அமைப்பு அல்ல. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பத்து லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதி இது. ராக்வில், கெய்தர்ஸ்பர்க், டகோமா பார்க் போன்ற சில ஊர்களுக்குத் தனி நகராட்சி உண்டு. ஆனால் சில்வர் ஸ்பிரிங், ஜெர்மன்டவுன், பெதஸ்டா என்று முகவரி எழுதுகிற லட்சக்கணக்கானோருக்கு மேயரும் இல்லை, நகர மன்றமும் இல்லை. அவர்களுக்குத் தெருவும் நூலகமும் போலீசும் தீயணைப்பு நிலையமும் கவுண்டியின் பொறுப்பு. ஆகவே கவுண்டியின் அறிவிப்பைப் படிக்காதவர், தம் ஊராட்சி மன்றத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்க்காமலே காலம் தள்ளுகிறவரைப் போன்றவர்.

நெடுநாள் பழக்கத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது ஒரு எளிய விஷயத்தை: எது யாருடைய வேலை என்று தெரிந்துகொள்வது. பள்ளிகளை நடத்துவது தேர்ந்தெடுக்கப்பட்ட தனிக் கல்வி வாரியம். குடிநீரும் கழிவுநீரும் 1918இல் தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.எஸ்.சி. நிறுவனத்தின் கையில், அதுவும் பக்கத்துப் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டிக்கும் சேர்த்து. பூங்காக்கள் 1927இல் அமைந்த இருகவுண்டி ஆணையத்தைச் சேர்ந்தவை. ஆனால் நீச்சல் குளமும் முதியோர் மையமும் கவுண்டியின் பொழுதுபோக்குத் துறையைச் சேர்ந்தவை. ராக்வில் பைக், ஜார்ஜியா அவென்யூ போன்ற பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். நம் வீட்டு வாசல் தெரு கவுண்டிக்குச் சொந்தம். பெதஸ்டாவிலிருந்து நியூ கரோல்டன் வரை கட்டப்பட்டு வரும் பர்ப்பிள் லைன் ரயில் கவுண்டியின் நடுவே ஓடினாலும் அது மாநிலத்தின் திட்டம்.

இந்த வரைபடம் மனத்தில் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதைப் பனி பெய்த காலைகளில் பார்க்கலாம். பள்ளி விடுமுறையைப் பள்ளி நிர்வாகம் சொல்லும். கவுண்டி அலுவலகங்களும் நூலகங்களும் திறக்குமா என்பதைக் கவுண்டி சொல்லும். மத்திய அரசு அலுவலகங்களின் நிலையை மத்தியப் பணியாளர் அமைப்பு சொல்லும். ஒரே வீட்டில் குழந்தைக்கு ஒரு செய்தி, அம்மாவுக்கு ஒரு செய்தி, அப்பாவுக்கு ஒரு செய்தி. மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்தால் காலை ஐந்து மணிக்குக் குழப்பம் இருக்காது.

அந்த நாட்களில் எனக்கு மிகவும் உதவியது 'அலர்ட் மாண்ட்கோமரி' என்ற இலவச எச்சரிக்கைச் சேவை. குறுஞ்செய்தி, மின்னஞ்சல், குரல் அழைப்பு என்று எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். சேர்கிறவர்கள் எல்லாப் பிரிவுகளையும் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒரு வாரத்தில் சலித்துப்போய் மொத்தத்தையும் நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கடும் வானிலை, அவசரநிலை, அலுவலக மூடல் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, நாம் போகாத சாலைகளின் போக்குவரத்துச் செய்திகளை விட்டுவிட்டால் போதும். பனிக்காலத்துக்கென்று கவுண்டி தனியாக ஒரு வரைபடமும் வைத்திருக்கிறது. எந்தப் பகுதியில் பனி அள்ளும் வேலை தொடங்கியிருக்கிறது, எங்கே முடிந்திருக்கிறது என்று அதில் காணலாம். 2016 ஜனவரியில் அடித்த பெரும்பனிப் புயலைப் பார்த்தவர்களுக்கு அந்த வரைபடத்தின் அருமை தெரியும். கூடவே ஒரு கடமையும் உண்டு: பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் நம் வீட்டை ஒட்டிய நடைபாதையை நாமே துப்புரவு செய்ய வேண்டும். புதிதாக வீடு வாங்கியவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

அடுத்தது 311. 2010இல் தொடங்கிய இந்த ஒற்றை எண், கவுண்டிக்குள் இருந்து அழைத்தால் எந்தத் துறை என்று நாம் தேடாமலே கேள்வியை உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் தருவது. அதை வைத்து இணையத்தில் நிலவரம் பார்க்கலாம். மறுபடி அழைத்தால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு அருகே தெருவிளக்கு அணைந்து கிடந்தபோது, கம்பத்தில் ஒட்டியிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு தெரிவித்தேன். 'பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம், மேப்பிள் மரத்தடியில்' என்று விளக்குவதைவிட அந்தச் சிறு தகட்டில் இருக்கும் எண் வேலையைச் சுலபமாக்கிவிடுகிறது. கம்பத்தின் எண், குறுக்குத் தெருவின் பெயர், ஒரு படம்: இந்த மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி வாடகை விஷயம். அறிவிப்பைப் படிப்பது பணமாகவே திரும்பி வரும் என்பதை நான் நேரில் கண்டது இதில்தான், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமான கவுண்டி கவுன்சில் 2023 ஜூலையில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 23. ஆண்டு வாடகை உயர்வு, நுகர்வோர் விலைக் குறியீட்டு உயர்வோடு மூன்று விழுக்காட்டைச் சேர்த்த அளவைத் தாண்டக் கூடாது. எப்படிக் கூட்டினாலும் ஆறு விழுக்காடுதான் உச்சவரம்பு. கட்டி 23 ஆண்டுகள் ஆகாத கட்டடங்களுக்கு விலக்கு. உயர்வைத் தொண்ணூறு நாட்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கவுண்டியின் வீட்டுவசதித் துறை அனுப்பிய அறிவிப்பில் இவையெல்லாம் தெளிவாக இருந்தன.

அது வந்து சில மாதங்கள் கழித்து, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பை நிர்வகிக்கும் நிறுவனம் குத்தகைப் புதுப்பிப்புக் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனது. 'சந்தை நிலவரத்துக்கேற்ப' என்று தொடங்கிய அந்தக் கடிதத்தில் புதிய வாடகை மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. எத்தனை விழுக்காடு உயர்வு என்ற வரியே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் வரம்பைத் தெளிவாகத் தாண்டியிருந்தது. கட்டடமோ தொண்ணூறுகளுக்கு முன்பே எழுந்தது, விலக்குக்கு வழியில்லை. கீழ்த்தளத்து அலுவலகத்தில் கேட்டபோது, இது தலைமை அலுவலகத்தின் முடிவு என்றார்கள்.

311ஐ அழைத்தேன். வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் விவகாரப் பிரிவுக்கு மாற்றினார்கள். மறுமுனையில் பேசிய அம்மையார் பழைய குத்தகை ஒப்பந்தம், புதிய கடிதம், கட்டடத்தின் முகவரி மூன்றையும் அனுப்பச் சொன்னார். கடிதத்தில் உயர்வுத் தொகை, விழுக்காடு, நடைமுறைக்கு வரும் நாள், இந்தத் துறையிடம் விசாரிக்கலாம் என்ற குறிப்பு ஆகியவை இருந்தே ஆக வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். 'புதிய ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், இப்போது கட்டுகிற வாடகையைத் தவறாமல் கட்டி வாருங்கள்' என்றும் சொன்னார். பிறகு நிர்வாக நிறுவனத்திடமிருந்து திருத்திய கடிதம் வந்தது. உயர்வு வரம்புக்குள் இருந்தது. எங்கள் மாடியிலேயே சில குடும்பத்தினர் முதல் கடிதத்திலேயே கையெழுத்திட்டிருந்தார்கள். சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் இயற்றப்பட்டது. ஆனால் அறிவிப்பு எட்டாத இடத்தில் சட்டமும் எட்டுவதில்லை என்பது அன்று மனத்தை உறுத்தியது. தகவலைத் தட்டச்சு செய்து மின்தூக்கி அருகே ஒட்டினேன். பக்கத்து வீட்டு எத்தியோப்பிய அண்ணன் அதைத் தம் மொழியில் எழுதி அருகிலேயே ஒட்டினார்.

பஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது நன்றாக நடக்கிறது. 1975இல் தொடங்கிய, கவுண்டியே நடத்தும் ரைட் ஆன் பஸ்களில் 2025 ஜூன் 29 முதல் யாருக்கும் டிக்கெட் கிடையாது. அதற்கு முன் ஒரு டாலர் இருந்தது. பழைய கட்டணப் பெட்டிகளை மாற்ற ஆகும் பெருஞ்செலவும் இந்த முடிவுக்கு ஒரு காரணம். மெட்ரோ ரயில் நிறுவனம் ஓட்டும் மெட்ரோபஸ்ஸில் இன்னும் கட்டணம் உண்டு, இரண்டும் ஒரே நிறுத்தத்தில் நிற்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பர்டன்ஸ்வில்லுக்கும் சில்வர் ஸ்பிரிங்குக்கும் இடையே 2020 அக்டோபரில் தொடங்கிய ஃபிளாஷ் விரைவு பஸ்ஸும் கவுண்டியுடையதுதான். வழித்தட மாற்றங்களை முன்னதாகவே அறிவிக்கிறார்கள்; பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகிறவர்கள் அந்த அறிவிப்புகளைப் பெறுவோர் பட்டியலில் கட்டாயம் சேர வேண்டும்.

புது விதிகளைப் பொறுத்தவரை, நல்ல அறிவிப்புக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். 2012 ஜனவரியில் கடைப் பைக்கு ஐந்து சென்ட் வரி வந்தது. 2026 ஜனவரி 1 முதல் கடைகளில் பொருள் போட்டுத் தரும் பிளாஸ்டிக் பைக்கே தடை. காகிதப் பை என்றால் பத்து சென்ட். அதேபோல் பெட்ரோலில் ஓடும் இலை ஊதும் கருவிகளின் விற்பனை 2024 ஜூலை 1 முதலும், பயன்பாடு 2025 ஜூலை 1 முதலும் தடை செய்யப்பட்டன. பழைய கருவியை மாற்றுகிறவர்களுக்கு மானியமும் அறிவித்தார்கள். எந்த நாள், யாருக்குப் பொருந்தும், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று மூன்றும் ஒரே பக்கத்தில் கிடைத்தன. தோட்ட வேலை செய்து பிழைக்கிறவர்களுக்கு ஓராண்டு அவகாசம் தந்தது நியாயமான ஏற்பாடு.

குறை என்று நான் நினைப்பது வேறு இடத்தில். வாராந்தரச் செய்திமடல்களில் திறப்பு விழாவும் பாராட்டும் கருத்துத் தெரிவிக்கக் கடைசி நாளும் ஒரே அளவு எழுத்தில் வருகின்றன. சாதாரண வாசகர் கடைசி நாளைத் தாண்டிப் போய்விடுவார். இதற்கு நான் கண்ட வழி, கவுண்டியின் அடிப்படைச் சட்டமான சாசனம் வகுத்த நாட்காட்டியைப் பிடித்துக்கொள்வது. கவுண்டியின் நிர்வாகத் தலைவர் மார்ச் 15க்குள் நடைமுறைச் செலவுக்கான பட்ஜெட்டைக் கவுன்சிலிடம் தர வேண்டும். ஏப்ரலில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள். ஜூன் 1க்குள் கவுன்சில் முடிவெடுக்க வேண்டும். ஜூலை 1 நிதியாண்டின் தொடக்கம். எழுநூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட பணம், அதில் ஏறத்தாழ பாதி பள்ளிகளுக்கு. நூலகத்தின் ஞாயிற்றுக்கிழமை நேரமோ முதியோர் மையத்தின் மதிய உணவோ எதுவானாலும் அதன் தலைவிதி அந்தப் பத்து வாரங்களில் எழுதப்படுகிறது. மே மாதக் கடைசியில் விழித்துக்கொள்கிறவர்களால் செய்ய முடிவது அதிகம் இல்லை.

ராக்வில்லில் கூடும் கவுன்சிலில் இப்போது பதினொரு பேர். 2020இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த பிறகு, 2022 தேர்தலிலிருந்து ஒன்பது இடங்கள் பதினொன்றாயின. பேசப் பதிவு செய்கிறவருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான்; நேரில் போக இயலாதவர்கள் எழுதியும் அனுப்பலாம். பெரிய சாலைகளை ஒட்டி அடர்த்தியான வீடுகளுக்கு இடம் தரும் மனை விதி மாற்றம் 2025 ஜூலையில் நிறைவேறியது. அதற்கான விவாதத்தைப் பின்தொடர்ந்தபோது, ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் மாதக்கணக்காக முன்பே தயாராகியிருந்ததைக் கண்டேன். நம்மவர்களின் குரல் அங்கே மிகக் குறைவு. வரி கட்டுகிறோம், பிள்ளைகளை இந்தப் பள்ளிகளில் படிக்க வைக்கிறோம். முடிவெடுக்கும் நாளில் மட்டும் ஒதுங்கி நிற்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

மொழி குறித்து ஒரு வார்த்தை. முக்கிய அறிவிப்புகள் ஸ்பானிஷ், சீனம், அம்ஹாரிக் போன்ற மொழிகளில் கிடைக்கின்றன. தமிழில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் 311ஐ அழைக்கிறவர் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் மகனோ மருமகளோ வேலையிலிருந்து திரும்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசி எண் வெளிமாநிலத்தில் வாங்கியதாக இருந்து 311 இணைப்புக் கிடைக்காவிட்டால், 240-777-0311 என்ற எண்ணில் அதே அலுவலகம் எடுக்கும். வேலை நாட்களில் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை.