முடக்குவாதத்தோடு 'கவுச் டு 5கே': ஒரு மதுரைக்காரியின் மதிப்புரை

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். ஓடிப் பழக்கமே இல்லாதவர்களை ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓட வைப்பதாகச் சொல்லும் 'கவுச் டு 5கே' நல்ல திட்டம். எவ்வளவு ஓடு, எவ்வளவு நட என்று அது சொல்லும் கணக்கு அருமை. எந்த வாரம் எதை முடிக்க வேண்டும் என்ற கணக்கு மட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு ஆகாது. ஒன்பது வாரம் என்று தலைப்பில் போட்டிருப்பதை அடித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டால், மூட்டு வீங்குகிற ஆளும் ஓடலாம்.

நம்மைப் போன்றவர்கள் என்று நான் சொல்வது ரியூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்களை. முடக்குவாதம். சொன்ன உடனே எதிரில் இருப்பவர் முழங்கால் தேய்மானம் என்று முடிவுகட்டி ஒரு எண்ணெய் பெயர் சொல்வார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுச் சவ்வையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் இந்த நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. எனக்கு விரல்கள், மணிக்கட்டு, பாதத்தின் முன்பக்கம். வங்கியில் கேஷியர் வேலை. காலையில் முதல் கட்டு நோட்டை எண்ணும்போது விரல் மடங்காது, மதியத்துக்கு மேல் அதே விரல் சொன்னபடி கேட்கும். வாரம் ஒருநாள் நோயை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, அதற்குத் துணையாக ஃபோலிக் ஆசிட், அவ்வப்போது உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தச் சோதனைகள், கல்லீரல் சோதனை. நோய் கட்டுக்குள் இருக்கிறது, போய்விடவில்லை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பள்ளியில் பி.டி. பீரியடுக்குப் பிறகு நான் ஓடியது பஸ்ஸுக்காக மட்டும்தான்.

இனி திட்டம். 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் எழுதியது. அவருடைய அம்மாவை ஓட வைக்க நினைத்தாராம், பிடித்துப்போனதற்கு எனக்கு அதுவும் ஒரு காரணம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் சுமார் அரை மணி நேரம், நடுவில் கட்டாயம் ஒருநாள் ஓய்வு. முதல் வாரம் 5 நிமிடம் வேகநடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று 20 நிமிடம். அடுத்த வாரம் 90 விநாடி ஓட்டம், 2 நிமிட நடை. இப்படியே ஏறிப்போய் ஒன்பதாம் வாரம் நிற்காமல் 30 நிமிடம். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இதைத் தன் பங்குக்கு இலவசமாகவே மக்களுக்குக் கொடுக்கிறது. அட்டவணை இணையத்தில் சும்மா கிடைக்கிறது, யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்.

60 விநாடி என்பது கேட்க அற்பமாக இருக்கும். ஓடிப்பாருங்கள். நாற்பதாவது விநாடியில் மூச்சு தொண்டைக்கு வந்துவிடும், ஐம்பதில் இன்னும் பத்துதானே என்று தோன்றும், அறுபதில் நடை வந்துவிடும். முடியாது என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் அந்தத் துண்டு முடிந்துவிடுகிறது. இந்தத் திட்டத்தின் சூட்சுமம் அவ்வளவுதான். நடக்கிற 90 விநாடியில் பாதம், கணுக்கால், முழங்கால் என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிடலாம். நீண்டகால நோய் உள்ளவர்களுக்கு இந்த விசாரணை நேரம் முக்கியம். தொடர்ந்து ஓடுகிறவனுக்கு எங்கே வலிக்கிறது என்பதே ஓடி முடித்த பிறகுதான் தெரியும்.

கட்டாய ஓய்வு நாளுக்குத் தனியாக ஒரு கும்பிடு. நான் மெத்தோட்ரெக்சேட் போடுவது சனிக்கிழமை இரவு. ஞாயிறு முழுக்கக் குமட்டல், சோற்றைப் பார்த்தாலே வெறுப்பு. திங்கள் காலை தலை பாரமாக இருக்கும். அதனால் செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம் என்று வைத்துக்கொண்டேன். வாரம் மூன்றே நாள்தான் என்பதால் மாத்திரைக்கும் ஓட்டத்துக்கும் மோதல் வரவில்லை. தினமும் பத்தாயிரம் அடி நட என்று கைக்கடிகாரம் கட்டளையிடும் உலகத்தில், இன்றைக்கு ஓடாதே என்று எழுதி வைத்திருக்கும் திட்டம் எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

சாயங்காலம் என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஓட்டம் என்றாலே நம் ஊரில் விடியற்காலை. ஐந்து மணிக்கு எழு, வெயிலுக்கு முன்னால் முடி. எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் இதே அறிவுரை. முடக்குவாதக்காரர்களுக்குக் காலைதான் எதிரி. எழுந்ததும் மூட்டெல்லாம் இறுகிக் கிடக்கும், நோய் தீவிரமாக இருந்தால் இளக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து மணிக்கு ஓட வேண்டுமானால் நான் மூன்றரைக்கு எழுந்து சுடுதண்ணீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார வேண்டும். இப்படிப்பட்ட ஓட்டம் எனக்கு வேண்டாம்.

அதனால் மாரியம்மன் தெப்பக்குளம், ஆறரைக்கு மேல். குளத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். திருமலை நாயக்கர் ஓட்டக்காரர்களை மனதில் வைத்து வெட்டியிருக்க மாட்டார், ஆனாலும் தரை சமம், வெளிச்சம் உண்டு, பெண் தனியாக ஓடினால் பயமில்லாத கூட்டம் உண்டு. அந்தக் கூட்டம்தான் தொல்லையும். பஜ்ஜிக் கடை எண்ணெய்ப் புகை மூக்கில் ஏறும், குழந்தைகள் குறுக்கே பாயும், மாலை நேரம் காதலர்கள் சுவரை விட்டு நகர மாட்டார்கள். சித்திரை வைகாசியில் ஆறரைக்கும் தரையிலிருந்து அனல் அடிக்கும், அந்த மாதங்களில் ஏழரைக்குத் தள்ளிப் போட்டேன். முதல் வாரம் நான் ஒரு நிமிடம் ஓடி ஒன்றரை நிமிடம் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்த சுண்டல் கடை அக்கா கேட்டார், "ஏத்தா, யாரும் வெரட்டுறாய்ங்களா? ஓடுற, நிக்கிற, திரும்பிப் பாக்குற?" வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், நான் ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தே என்னை முந்திப் போவார். இன்றைக்கும் அப்படித்தான்.

தொடங்கும் முன் என் வாதநோய் டாக்டரிடம் கேட்டேன். தடுப்பார் என்று நினைத்துத்தான் போனேன். "ஓடும்மா, யாரு வேணாங்கிறது? வீங்குன மூட்டோட ஓடாத. ஓடுறதுக்குன்னு வலி மாத்திரை போடாத. இந்த ரெண்டு மட்டும்" என்றார். கால் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் இது, என் காலுக்குச் சொன்னது. உங்கள் காலுக்கு உங்கள் டாக்டர் சொல்ல வேண்டும். பொதுவாக உடற்பயிற்சி கூடாது என்ற பழைய எண்ணம் மருத்துவத்தில் போய்விட்டது. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் அமைப்பான யூலார் 2018-லேயே, வாத நோயாளிகளுக்கு உடலுழைப்பை வழக்கமான சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டது. இந்த நோய் இதயத்துக்கும் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதால், மூச்சு வாங்குகிற பயிற்சி நமக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தேவை.

இப்போது ஷூ. திட்டத்தில் ஷூவைப் பற்றிப் பெரிதாக எதுவும் இல்லை, எனக்கோ பாதிச் சண்டை அங்கேதான். பாதத்தின் முன்பக்க மூட்டுகளில் வாதம் இருந்தால், ஒவ்வொரு அடியும் செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பது போல இருக்கும். முன்பக்கம் அகலமான ஷூ வேண்டும், விரல்கள் விரிய இடம் வேண்டும். கடைக்குப் பாதம் வீங்கியிருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். நல்ல நாளில் வாங்கினால் கெட்ட நாளில் உள்ளே போகாது. ஷூவுக்குள் வைக்கும் அட்டையில் முன்பாதத்துக்குச் சற்றுப் பின்னால் சின்ன மேடு ஒன்று ஒட்டிக்கொள்ளச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட், எடை அந்த மூட்டுகளில் நேராக விழாமல் பிரிகிறது. கடைப் பையன் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதெல்லாம் தேவையில்ல, இந்த மாடல் பஞ்சு மாதிரி" என்றான். பஞ்சு வேலைக்கு ஆகாது தம்பி, மேடுதான் வேலை செய்கிறது.

அதைவிடப் பெரிய பிரச்சினை லேஸ். இழுத்துக் கட்ட விரலில் பிடி இல்லை, தளர்வாகக் கட்டினால் பாதம் உள்ளே வழுக்கி முன்விரலில் இடிக்கிறது. வீட்டுக்காரரைத் தினமும் குனிய வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எலாஸ்டிக் லேஸ் என்று ஒன்று விற்கிறார்கள், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்காரர்கள் நேரம் மிச்சம் பிடிக்கப் போடுவது. இணையத்தில் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. இதில் இரண்டு வகை. ஒன்றில் பட்டனை அழுத்திக்கொண்டே இழுக்கிற பூட்டு இருக்கும். அதை வாங்காதீர்கள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அந்தப் பட்டனை அழுத்துவதுதான் நமக்கு வராத வேலையே. இன்னொன்று, ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்த்து முடிச்சைப் போட்டு நுனியை வெட்டிவிட்டால் பிறகு தொடவே வேண்டாம். என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து செருப்பு மாட்டுவது போல ஷூ மாட்டுகிறேன். இந்தத் திட்டத்துக்காக நான் வாங்கியதில் அதிகம் பயன்பட்டது எது என்று கேட்டால், இந்த இரண்டு ரப்பர் கயிறுதான்.

சரி, குறைக்கு வருவோம். ஐந்தாம் வாரம். முதல் நாள் 5 நிமிட ஓட்டம் மூன்று முறை. இரண்டாம் நாள் 8 நிமிடம் இரண்டு முறை. மூன்றாம் நாள் நேரே 20 நிமிடம், நடுவில் நடை கிடையாது. ஆரோக்கியமான உடம்புக்கு இது நல்ல உத்தியாக இருக்கலாம், உன்னால் முடியும் என்று காட்டிவிடுகிறது. வாத உடம்புக்கு ஒரே வாரத்தில் இந்தத் தாவல் அதிகம். ஓட்டம் என்னவோ நன்றாகத்தான் போனது, மறுநாள் காலையில்தான் இடது பாதம் கட்டிலிலிருந்து இறங்க மறுத்தது. ஓடி முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி முன்பு இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். வாத நோயாளிகளுக்குப் பிசியோக்கள் சொல்லும் கணக்கு இது, எனக்குத் திட்டத்தைவிடப் பெரிய வழிகாட்டி. அதன்படி ஆறாம் வாரத்தின் இரண்டாம் நாளை, அதாவது 10 நிமிட ஓட்டம், 3 நிமிட நடை, மறுபடி 10 நிமிடம் என்பதை முன்னால் இழுத்துப் போட்டு, அதிலேயே வெகுநாள் தங்கினேன். அப்புறம் நடையை 3 நிமிடத்திலிருந்து 2, 1 என்று குறைத்தேன். 20 நிமிடம் தானாக வந்தது.

நடுவில் ஒரு ஃப்ளேர், நோய் திடீரென்று சீறுகிற காலம். மணிக்கட்டு பணியாரம் கணக்காக உப்பி, தலைவாரக் கை தூக்க முடியாத நாட்கள். ஓட்டம் பூஜ்யம். அப்போது நான் வைத்திருந்த செயலி (பெயர் வேண்டாம், இந்தப் பெயரில் ஏகப்பட்டது இருக்கிறது) தவறிய நாளையெல்லாம் சிவப்பில் காட்டியது. "உங்கள் தொடர்ச்சி அறுந்துவிட்டது" என்று தினமும் செய்தி வேறு. உடம்பு சரியில்லை என்று சொல்ல அதில் ஒரு பொத்தான்கூட இல்லை. அழித்துவிட்டேன். போனில் இருக்கும் சாதாரண இன்டர்வல் டைமர் போதும். எவ்வளவு ஓடணும், எவ்வளவு நடக்கணும் என்று நாமே போட்டுக்கொள்ளலாம், மணி அடிக்கும், மார்க் போடாது. ஃப்ளேர் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்கினேன். மூச்சு சீக்கிரம் திரும்பி வந்துவிடும், தசைநார் அவ்வளவு சீக்கிரம் வராது.

பெயரைப் பற்றி ஒரு முணுமுணுப்பு. 30 நிமிடம் ஓடினால் 5 கிலோமீட்டர் என்பது கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் ஓடுகிறவர் கணக்கு. நான் 30 நிமிடம் ஓடினால் தெப்பக்குளத்தில் மூன்று சுற்றுகூட முழுசாக வராது. 5 கிலோமீட்டருக்கு நான்கு சுற்றுக்கு மேல் வேண்டும். ஒன்பதாம் வாரத்தை முடித்த பிறகும் அந்த மிச்சத்துக்குத் தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது. ஒன்பது வாரத் திட்டம் எனக்கு அரை வருஷத்துக்கு மேல் ஓடியது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, பெயர் வைத்தவரிடம்தான் சின்னக் கோபம்.

ஐந்துக்கு எத்தனை என்றால், ஓட்ட அட்டவணைக்கு நாலரை, வாரக் கணக்குக்கு ஒன்றரை. நோய் கட்டுக்குள் வந்து மருந்து நிலைப்பட்டவர்கள் தாராளமாக எடுக்கலாம். இப்போதுதான் நோய் கண்டுபிடித்து மருந்து மாற்றிக்கொண்டிருப்பவர்கள், முழங்காலிலோ கணுக்காலிலோ மூட்டு ஏற்கெனவே சிதைந்தவர்கள், கழுத்து எலும்பில் பாதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் முதல் வாரம்கூட வேண்டாம். அவர்களுக்கு நீச்சலும் சைக்கிளும் இருக்கின்றன.

தெப்பக்குளத்தில் ஓட நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று. தை மாதம் தெப்பத் திருவிழா வாரத்தில் அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் சுற்றட்டும், நாம் ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துக்குப் போய்விடுவோம். அங்கே தரை இன்னும் மெத்தென்று இருக்கிறது, பஜ்ஜி வாசனையும் கிடையாது.