பழைய சமையல், ஒயின் நூல்களை அஞ்சலில் விற்கும் ஒரு கடை

ஒயின், சமையல், இல்லப் பராமரிப்பு ஆகியவை பற்றிய பழைய நூல்களை மட்டுமே அஞ்சல்வழி விற்கும் ஒரு கடையில் மூன்று ஆண்டுகளாக வாங்கி வருகிறேன். நூலைப் புரட்டிப் பார்க்காமல் வாங்கும் இந்தச் சேகரிப்பில், விற்பவர் தரும் விவரிப்பை நம்பியே பணம் கட்ட வேண்டியிருக்கிறது. ஒயின் நூல்கள் பெரும்பாலும் அலமாரியிலேயே இருந்தவை. சமையல் நூல்களோ அடுப்படியில் உழைத்து, எண்ணெய் பட்டு, தாள் உதிர்ந்தவை. ஹன்னா கிளாஸின் 1747ஆம் ஆண்டுச் சமையல் நூல் பல பதிப்புகள் கண்டும், அதன் முதற்பதிப்பு இன்று நல்ல நிலையில் அரிதாகவே கிடைக்கிறது.

சைரஸ் ரெட்டிங்கின் ஒயின் வரலாறு 1833இல் முதன்முதலாக வெளிவந்தது. அதன் 1851ஆம் ஆண்டுப் பதிப்பை வாங்கியபோது, பழுப்புப் புள்ளிகள் எந்தப் பக்கங்களில் உள்ளன, முதுகின் மேல்முனையில் துணி எவ்வளவு நைந்திருக்கிறது என்பது வரை கடையினர் எழுதியிருந்தார்கள். வந்து சேர்ந்த நூல் அதிலிருந்து இம்மியும் மாறவில்லை.

இசபெல்லா பீட்டனின் இல்ல நிர்வாக நூல் 1861இல் முழு நூலாக வந்தது. அதன் பிற்காலப் பதிப்பொன்றில், பழப்பாகு செய்முறைக்கு அருகே யாரோ பென்சிலால் சர்க்கரையின் அளவைத் திருத்தியிருக்கிறார். அதே பக்கத்தின் ஓரத்தில் விரல்நுனி அளவில் ஒரு பாகுக்கறை. அந்தக் கையெழுத்தைக் குறையாக மறைக்காமல், பக்க எண்ணுடன் தனியே பதிவு செய்திருந்த கடைக்கு நான் நன்றியுடையவன். அந்த நூலை உண்மையிலேயே வைத்துச் சமைத்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேறில்லை.

ஆயினும் அதே நூலில் ஒரு வண்ணப் படத்தாள் இல்லாதது பட்டியலில் குறிப்பிடப்படவில்லை. எழுதிக் கேட்ட இரண்டாம் நாளே மன்னிப்புக் கேட்டு, திருப்பி அனுப்பவோ பணத்தில் ஒரு பகுதியைப் பெறவோ வாய்ப்பளித்தார்கள். பென்சில் எழுத்தைப் பிரிய மனமில்லாமல் நூலை வைத்துக்கொண்டேன்.

பொதி கட்டுவதில் குறையில்லை. தாளின் தன்மையையும் அவர்கள் குறிப்பிட்டால் நல்லது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய மரக்கூழ்த் தாள் அமிலத்தால் மஞ்சளித்து நொறுங்குகிறது. அதற்கு நூறாண்டு முந்தைய கந்தல்துணித் தாளோ இன்றும் மடித்தால் வளைகிறது. படத்தாள்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு நூலுக்கும் எழுதும்படி கேட்டிருக்கிறேன். அடுத்த பட்டியலில் அதைத்தான் முதலில் தேடுவேன்.