வடகிழக்குப் பருவமழைக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு: பல பருவங்கள் பயன்படுத்திய அனுபவம்

அடுத்த வாரம் இதே நாளில் சென்னைக்கு 180 மி.மீ. என்று செயலி காட்டினால் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். ஐந்து நாளுக்கு அப்பால் கணினி வானிலை மாடல்கள் உருப்படியாகச் சொல்வது ஒன்றுதான்: வங்கக்கடலில் சுழற்சி உருவாகுமா, உருவானால் இலங்கைப் பக்கமா, தமிழகக் கரையா, ஆந்திரமா. அதற்கும்கூட ஐரோப்பிய மாடலும் அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாடலும் தொடர்ந்து மூன்று, நான்கு ஓட்டங்களில் (புதிய தரவோடு மாடலை மறுபடி இயக்கும் சுற்றுகளில்) ஒத்துப்போக வேண்டும். ஜி.எஃப்.எஸ். ஒரு நாள் புயலைக் காட்டிவிட்டு மறுநாள் அதைத் தொலைத்துவிடுவது ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது.

விண்டி (Windy) என்ற வானிலைச் செயலியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். காலை 5.30 மணித் தரவில் ஓடும் ஜி.எஃப்.எஸ். முடிவு முற்பகலிலும், ஐரோப்பிய முடிவு மதியத்திலும் வரும். இரவில் இன்னொரு முக்கியச் சுற்று. மழை வண்ணங்களைவிட 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்துக் காற்றுப் படம்தான் பயன். அது தரையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம். சுழற்சியின் மையத்துக்கு வடக்கே, கடலிலிருந்து கரைக்கு வீசும் கிழக்குக் காற்றில்தான் பெருமழை பெரும்பாலும் கொட்டும். மையம் 100 கி.மீ. தெற்கே தள்ளினால் சென்னைக்குக் காட்டிய மழை மரக்காணம், புதுச்சேரி பக்கம் போய்விடும். மூன்று நாள் முன்பு 100 கி.மீ. பிழை மிகச் சாதாரணம்.

மழைக்கு மூன்று நாள் இருக்கும்போதிலிருந்து இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கைக்கு மாறுவது நல்லது. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல், மிக கனமழை 115.6 முதல், அதி கனமழை 204.4 மி.மீ.க்கு மேல். இதில் கவனிக்க வேண்டியது, அதி கனமழைக்கு மேல் எல்லையே கிடையாது. 21 செ.மீ. பெய்தாலும் அதே சொல். 2023 டிசம்பர் 18 காலை வரை காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானதே, அதற்கும் அதே சொல். ஆகவே சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்துத் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட முடியாது. ‘ஓரிரு இடங்களில்’ என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாவட்டத்தின் நிலையங்களில் கால்பங்கு வரை அந்த மழை பெறலாம் என்று அர்த்தம்.

தேதியிலும் பலர் தடுமாறுகிறார்கள். மழைமானி நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. 18-ஆம் தேதி அளவு என்று வருவதில் பெரும்பகுதி 17-ஆம் தேதி பெய்தது.

மழை முன்னறிவிப்பு வேறு, வெள்ள முன்னறிவிப்பு வேறு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையோரக்காரர்கள் மழை குறைந்ததும் மூச்சுவிட்டார்கள். மழையோ உள்ளே நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தென்பெண்ணை ஆற்றில் இறங்கி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை மூழ்கடித்தது. உங்கள் ஊர் மழையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது. ஆற்றின் மேல்பகுதி மாவட்டங்களின் எச்சரிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அணைக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. விநாடிக்கு 1,000 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 86.4 மில்லியன் கன அடி சேரும். சென்னை அருகே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இருப்பு 3,100 என்றால் மிச்ச இடம் 545. வரத்து 4,000 கன அடியாக நீடித்தால் ஒன்றரை நாளில் நிரம்பும். திறப்பு அதற்கு வெகு முன்பே தொடங்கும். இதே கணக்கைச் சாத்தனூருக்குப் போட்டால் அந்த இரவின் மூர்க்கம் புரியும்: 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள அணை, 1.68 லட்சம் கன அடி வரத்தில் காலியாக இருந்தாலும் அரை நாளில் ததும்பிவிடும்.

செம்பரம்பாக்கத்தை மட்டும் பார்த்து, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அந்த ஏரியின் உபரி நீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூர் ஆற்றோட்டத்தில் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வெள்ளம் ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் கலங்கல் (உபரி நீர் வழியும் மதகு) வழியாக வரும். அந்த ஏரிகள் நிறைந்துவிட்டனவா என்பதைப் பருவத்தின் நடுவிலேயே நேரில் போய்ப் பாருங்கள். நவம்பர் கடைசியில் நிரம்பிய ஏரி அடுத்த 15 செ.மீ.யில் ஒரு துளியைக்கூடப் பிடித்து வைக்காது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய ஓதமும் (கடல் நீர் ஏற்றமும்) சேர்ந்தால் முகத்துவாரத்தில் ஆறு வடிவது தாமதமாகும். சென்னைக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான் என்றாலும் தாழ்வான தெருக்களுக்கு அதுவே போதும்.

ஆறுகளுக்கு மத்திய நீர் ஆணையத்தின் ஃப்ளட்வாட்ச் செயலி உண்டு. நிலையத்தின் எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம் இரண்டையும் இப்போதைய அளவோடு காட்டும். நகரத்து மழைநீர் வடிகால் தேங்கலுக்கு அது உதவாது.

கடைசிச் சில மணி நேரத்துக்கு ரேடார்தான். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் சில இடங்களில் சுமார் 20 செ.மீ. கொட்டியது, முந்தைய நாள் எந்த முன்னறிவிப்பும் அந்த அளவைச் சொல்லவில்லை. ஐரோப்பிய மாடலின் ஒரு கட்டமே 9 கி.மீ. அகலம் இருக்கும்போது அதைவிடச் சிறிய மேகக்கூட்டம் நழுவிப்போவது இயல்பு. ரேடாரில் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். குறைந்தது அரை மணி நேரப் படங்களை ஓடவிட்டு, மேகங்கள் கரைக்கு வந்து கடந்து போகின்றனவா, அல்லது கடலில் புதிது புதிதாக முளைத்து அதே பாதையில் ரயில் பெட்டிபோல் வருகின்றனவா என்று பாருங்கள். பின்னது நடந்தால் எச்சரிக்கை வண்ணத்துக்குக் காத்திருக்காமல் வண்டியை மேட்டில் நிறுத்தி, தரைத்தள மின் இணைப்பை அணைத்துவிடுங்கள். பள்ளிக்கரணையின் எக்ஸ்-பேண்ட் (குறைந்த அலைநீள) ரேடார் படத்தில் ஒரு குறை உண்டு. பெருமழைக்குப் பின்னால் இருக்கும் மேகத்தை அது மங்கலாகக் காட்டும். அங்கே வெறுமை தெரிந்தால், சென்னைத் துறைமுகத்து எஸ்-பேண்ட் (அதிக அலைநீள) ரேடார் படத்தோடு ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.